எழுபத்தெட்டாம் கதவு

பள்ளத்தூரில் தொள்ளாயிரத்து இருபது கதவிலக்கம்.
நாற்பது போதும் என்றது எங்கள் சூத்திரம்.
இருபத்து மூன்றுக்கு ஒன்று.
வாய்ப்பு எண் அட்டவணையில் கண்ணை மூடிப்
பென்சில் முனையை வைத்தேன்: ஒன்பது.
ஒன்பது, முப்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, எழுபத்தெட்டு.
இனி நிழல் உள்ள தெருவாகப் பார்த்து நடக்க முடியாது.
நாய் இல்லாத வாசலாகப் பார்த்தும்.

முக்கியமான கேள்வி ஒன்றுதான்:
நேற்றிரவு இந்த வீட்டில் உறங்கியவர் எத்தனை பேர்?

தெருவுக்குத் தெரு ஓடும் நீள வீட்டில்
ஒருவர்.
அதன் கொல்லைப்புறம், தனி இலக்கம் பெற்ற
வண்டிக் கொட்டகையில் ஏழு பேர்.
ஒன்று ஒரு வரி, ஏழும் ஒரு வரி.
படிவத்துக்குத் தேக்குத் தூண் தெரியாது.

முந்நூற்று முப்பத்தொன்றில் உமையாள்.
எல்.ஐ.சி. அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்,
ஒரு காதில் ஹெல்மெட் வார்.
"நான் மட்டும்தான். ஒண்ணுன்னு போட்டுக்க."
சாவியைத் திருகியவர் நிறுத்தினார்.
"கோயில் கணக்குல நான் அரைப்புள்ளி, தெரியுமா?
அவுக போனதுலேர்ந்து.
ஒங்க படிப்புல எப்படி?"
புள்ளியியல் படிக்கிறேன் என்று
அறிமுகம் செய்துகொண்டது நான்தான்.
"இங்க முழுசா ஒண்ணு. அதோட,
இருபத்து மூணு வீட்டுக்கு நீங்கதான் பதில்."
"அடியாத்தீ," என்றார். "அவ்வளவு பேருக்கு
நான் என்னத்தச் சொல்ல?"
வண்டி கிளம்பிவிட்டது.
அவர் கேட்டதுதான் அந்தப் பருவத்தின்
கடினமான கேள்வி.

எழுபத்தெட்டு பூட்டியிருந்தது.
மூன்று முறை போக வேண்டும், வேறு வேறு நேரத்தில்.
போனோம்.
"பக்கத்து வீட்டைப் போட்டுரு," என்றான் முத்திருளன்.
"கதவு தெறக்குற வீடு, கதவு தெறக்காத வீட்ட மாதிரியாடா?"
என்று சண்டை போட்டேன்.
சண்டை போட்ட நான்தான்
அன்றிரவு விடுதியில் அதை நிரப்பினேன்.
கம்பிக் கதவில் ஒரு மஞ்சள் பை தொங்கியது,
உள்ளே அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு.
யாரோ இருக்கிறார்கள்.
இரண்டு, என்று எழுதினேன்.
சராசரி 2.79 இருந்தது, 2.77 ஆனது.
யாருக்கும் தெரியாது. பேராசிரியருக்கும்.
தூக்கம்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி பஸ்ஸில்,
மகளிருக்கான இலவசச் சீட்டை விரலில் சுருட்டிக்கொண்டு,
மறுபடி.
மஞ்சள் பையை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார்.
மேல்தளத்தில் ஓடு மாற்றும் கொத்தனார்.
"டீக்கு வாங்குற பாலும்மா.
ராத்திரி யாரு இங்க படுப்பா?
நாங்க கோட்டையூரு. மொதலாளி கோயமுத்தூரு.
பூசை வந்தா வருவாக."

இரண்டை அழித்தேன்.
பூஜ்யம் எழுதும்போதுதான் கை நின்றது.

இப்படிப் பூட்டிக் கிடந்தவை பதினொன்று.
அத்தனைக்கும் "பதில் இல்லை" என்று போட்டிருந்தேன்.
அத்தனையும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன.
பதில் சொல்ல ஆள் இல்லாத வீடு எது,
ஆள் இருந்தும் அப்போது வெளியே போயிருந்த வீடு எது?
பூட்டு இரண்டுக்கும் ஒரே பூட்டுதான்.
திண்டுக்கல்லில் செய்தது.

திறந்த இருபத்தொன்பதை மட்டும் நம்பினால்
ஊரில் இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபது பேர்.
பதினொன்றும் வெறும் வீடு என்றால்
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.
நடுவே எழுநூற்றுச் சொச்சம் பேர்.
அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது
ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எத்தனை கதவு
திரும்பத் தட்டுகிறேன் என்பதில் இருக்கிறது.

மணி எட்டேகால்.
கொத்தனார் எனக்கும் ஒரு கிளாஸ் டீ கொடுத்தார்.
அந்தப் பால்தான்.
குடித்துவிட்டுப் பட்டியலைப் பிரித்தேன்.
நூற்று நாற்பத்தேழு.
கீழத்தெருக் கோடி.
வெயில் ஏறிவிட்டது, அந்தப் பக்கம் நிழலே இல்லை.