ஒரு கை போதும்

இடது கையால் பிரஷைப் பிடித்து
மூன்று நாள் முயன்று பார்த்தார் குகனேசன்.
இரண்டு தரம் வாளிக்குள் விழுந்தது,
ஒரு தரம் வாய்க்குள் போனது.
நாலாம் நாள் காலை
பிளாஸ்டர் போட்ட வலக்கையை மடியில் கிடத்தி
கமோட் மூடியில் இருந்தபடி
"நீர் ஒருக்கா அடிச்சுத் தாருமன்" என்றார்,
கண்ணாடியைப் பார்த்து.

வெள்ளவத்தையில் நான் கேக் அடிப்பவள்.
லிப்ட் நின்ற நாட்களில்
ஐந்து மாடியும் படியால் இறங்கி
ஐசிங் நலுங்காமல் ஓட்டோவில் ஏற்றுபவள்.
வெள்ளைக்கரு எந்தக் கணத்தில்
எழுந்து நிற்கும் என்று
அடுத்த அறையிலிருந்தே
சத்தத்தை வைத்துச் சொல்லுவேன்.
ஒரு வட்டச் சவுக்காரம் எனக்கு எந்த மூலைக்கு?

முதல் நுரை
தண்ணீர் கூடிப் போச்சு.
சட்டி கழுவிய சிங்க் மாதிரிப் பெரிய பெரிய குமிழி,
குமிழிக்கொரு மின்விளக்கு, குமிழிக்கொரு நான்.
கன்னத்தில் வைக்கக்
கழுத்தால் ஓடி பெனியனுக்குள் இறங்கியது.
"அலை அடிக்குது" என்றார்.

இரண்டாவது, சுவருக்குப் பூசுகிற பட்டி.

மூன்றாவதுக்கு
பிரஷைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு
இரண்டே உதறல்.
சவுக்காரத்தில் வட்டம், வட்டம், வட்டம்,
மயிரெல்லாம் களிபோல் ஒட்டும்வரை.
பிறகு காதுடைந்த தேநீர்க் கோப்பைக்குள்
விரல் நுனியால் ஒரு துளி, அடி.
இன்னொரு துளி, அடி.
சளக் சளக் என்றது
சொத் சொத் என்றாகி
பிறகு சத்தமே இல்லை.
பிரஷைத் தூக்கினேன்:
கிளிமூக்காய் வளைந்து நின்றது.

பழக்கதோஷம்,
கோப்பையை அவர் தலைக்கு மேல்
கவிழ்த்துப் பிடித்தேன்.
கண்ணை இறுக்கி மூடினார்.
விழவில்லை.
எத்தனை கிழமைக்குப் பிறகோ
வயிறு குலுங்கச் சிரித்தார்.

பூசினேன்.
நரைத்த பக்கமும் நரைக்காத பக்கமும்
ஒரே வெள்ளையாகின.
முகம் போய்
இரண்டு கண்ணும் ஒரு கீறலும் மிஞ்சியது.
அந்தக் கீறல் சொன்னது:
"மோட்டார்சைக்கிள் சறுக்கேல்லை."

நான் ரேசரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வேலை போய் எட்டுக் கிழமை.
ஸ்டேஷனுக்குப் பின்னால, கல்லுகளில போய் இருப்பன்.
நீர் கட்டித் தந்த சோறு அங்கதான்.
அண்டைக்குப் பாசி வழுக்கிப்போட்டுது."

பாணந்துறைப் பக்கம் போகும் ரயில்
கண்ணாடியை ஆட்டிவிட்டுப் போனது.
கையில் ரேசர்.
அவர் நாடியை உயர்த்தி
தொண்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எட்டுக் கிழமை.
நான் அயர்ன் பண்ணிய நாற்பது சேட்.
மாதச் செலவுக்கென்று தந்த காசு
எங்கிருந்து வந்தது?
அதையும் கேட்க வாய் வந்தது.
ஆனால் மனம் போய் நின்ற இடம் வேறு:
போக ஓர் இடமும் இல்லாத மனுஷன்
நாற்பது காலையும்
ஒரு மயிர் விடாமல் வழித்திருக்கிறார்.
கல்லுக்கும் காகத்துக்கும் காட்ட.

காதோரம் நுரை காய்ந்து
வெடிக்கத் தொடங்கியது.
அடித்ததை வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது,
தண்ணீர் விட்டுவிடும்.
மூன்று துளி சுடுதண்ணீர் விட்டு
கோப்பையில் இருந்ததை மறுபடி அடித்தேன்,
கொஞ்சம் பலமாகவே.
மறுபடி பூசினேன்.
கன்னம். மற்றக் கன்னம்.
மேலுதட்டுக்கு மூச்சைப் பிடித்தார்.
தொண்டைக்கு நான் பிடித்தேன்.
காதுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு,
அது வேண்டுமென்று செய்ததில்லை.
படிகாரம் வைக்க "ஸ்ஸ்" என்றார்.
"எரியட்டும்" என்றேன்.

துவாயால் துடைக்கத் துடைக்க
எனக்குத் தெரிந்த முகம்தான் திரும்பி வந்தது,
கொஞ்சம் சின்னதாக.
ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போனேன்.
பின்னேரம் ஐந்துக்குத் தில்ருக்ஷி வீட்டு ஓடர்,
இருபத்தைந்து முட்டை.
கதவடியில் வந்து நின்றார்,
சவுக்கார வாசத்தோடு, எங்கே நிற்பதென்று தெரியாமல்.

தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.
"முட்டை உடைக்க
ஒரு கை போதும்."