கவிழ்ந்த அட்டை

ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை
கண்ணாடி மேசையில் பல் அடுக்குவது.
பல் என்றால் காகிதப் பல்.
மராட்டியில் ஒரு கட்டு, இந்தியில் ஒரு கட்டு,
பற்பசைக் கம்பெனிக்காரன் போட்டுவிட்டுப் போன
வழவழ ஆங்கிலம் ஒரு கட்டு.
தமிழ்க் கட்டு மட்டும்
நான் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது.

சாமந்த் மேடம் சொல்லச் சொல்ல
தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன்.
ரூட் கெனாலுக்கு ‘வேர் வைத்தியம்’ என்று போட்டேன்.
இட்லி விற்கும் பேச்சித்தாய் கேட்டாள்:
‘வேர் இருந்தா மறுபடி முளைக்காதா?’
மேடத்திடம் இந்தியில் சொன்னேன்.
மேடம் சிரிக்கவில்லை.
ஐம்பதுக்கு மேல் முளைக்காது என்று
சொல்லச் சொன்னார்.

கீல் வைத்த பிளாஸ்டர் தாடை ஒன்று உண்டு.
பிள்ளைகள் அதன் வாயில் விரலைக் கொடுத்து
கடி கடி என்று கத்தும்.
பெரியவர்கள் ஃபேனைப் பார்ப்பார்கள்.
உள்ளே டிரில் சத்தம் ஏறினால்
போனைப் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த லேமினேட் அட்டை.
மாவா, குட்கா, கன்னத்தின் உட்புறம்,
முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு சிவப்பு, பிறகு
வேண்டாம், விடுங்கள்.
படத்துக்குக் கீழே என் கையெழுத்து:
‘மூன்று விரல் சேர்த்து வாய்க்குள் நுழைகிறதா?
நுழையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.’
சாயங்காலம் பார்த்தால்
அது மட்டும் கவிழ்ந்து கிடக்கும்.
தினமும் நிமிர்த்துவேன்.

யார் கவிழ்ப்பது என்று
ரிஜிஸ்டரில் குனிந்தபடி ரெண்டு நாள் கவனித்தேன்.
தோல் பட்டறை இசக்கி. டாக்ஸி ஓட்டும் மிஸ்ரா.
கணக்கு டியூஷன் சார் கூட.
யாரும் கோபத்தில் செய்யவில்லை.
தூங்குகிற பிள்ளையைப்
புரட்டிப் படுக்கவைப்பது போல
அத்தனை மெதுவாக.

நேற்று மழை.
சயானில் தண்டவாளம் முங்கிவிட்டது.
என்னைக் கூட்டிப்போக இவர் வந்தார்,
தையல் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு.
வாசலிலேயே துப்பி,
குடைத் தண்ணியில் வாயைக் கொப்பளித்து,
செருப்பைக் கழற்றிவிட்டு.
மரியாதை தெரிந்த மனுஷன்.
இவர் உட்காருவதற்குள்
என் கை போய்
அட்டையைக் கவிழ்த்துவிட்டது.

பில் புத்தகத்தைப் பூட்டிவிட்டுத் திரும்பினால்
அட்டை இவர் மடியில்.
படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
கீழே மட்டும் படிக்கிறார்.
‘இது உன் எழுத்துல்லா’ என்றார்.
‘வாழைக்காய்க்குப் போடுத அதே ழை.’
ஆமா என்றேன்.

வேறு யாரும் இல்லை, ஆறு நாற்காலிகள்.
மழை பிடித்துக்கொண்டது.
மூன்று விரலையும் சேர்த்து
முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
அளவில் தப்பாதவர்.
பிறகு சொன்னார்,
‘நீ கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பு.’

திரும்பிக்கொண்டேன்.
மராட்டிக் கட்டை எடுத்து எண்ணினேன்.
பதினேழு.
மறுபடி எண்ணினேன்.
பதினாறு.