மாடி போர்ஷன்

தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி
நாளுக்கு நானூறு ரூபாய்.
வாசலில் வங்காளத்தில் ஒரு போர்டு.
எழுதியது போன வருஷம் தங்கிப் போன
மால்டாக்காரர்.
அதில் என்ன எழுதியிருக்கிறதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஆள் வருகிறது, அது போதும்.

லெந்து தொடங்கிய வாரத்தில் வந்தார்கள்:
மொயினுல், அவன் மனைவி ரெஹெனா,
இதயத்தில் ஓட்டையோடு ஏழு வயது துலி.
ஆதார் ஜெராக்ஸ் வாங்கினேன். அட்வான்ஸ் வாங்கினேன்.
தண்ணீர் ஒரு நாளைக்கு எட்டுக் குடம் என்று
விரல் நீட்டிக் காட்டினேன்.
விளையாட்டென்று நினைத்து
பிள்ளையும் எட்டு விரல் நீட்டிக் காட்டிற்று.

கடுகெண்ணெய்ப் புகை படியிறங்கி வந்தது.
ஜன்னலைச் சாத்தினேன்.
கூடத்துக் காலண்டரில் அந்த மாத வசனம்
அந்நியரைப் பற்றித்தான்.
வாடகை நோட்டும் அங்கேதான் தொங்கியது.
இரண்டுக்கும் ஒரே ஆணி.

ஐந்தாவது வாரம், ராத்திரி, கரண்ட் இல்லாத நேரம்
சீட்டோடு கீழே வந்தான்.
"ரொக்தோ" என்றான்.
"ரத்தமா?" என்றேன்.
எங்கள் இருவருக்கும் சேர்ந்து புரிந்த
முதல் வார்த்தை அது.
அவன் ஒன்று கொடுத்தாயிற்று.
அவளுக்கு எடை போதாதாம்.
இன்னும் ஒரு யூனிட்.
என்னைக் கேட்கவில்லை அவன்.
எங்கே ஆள் கிடைக்கும் என்றுதான் கேட்டான்.
லாட்ஜ் பக்கம் விசாரி என்று கதவைச் சாத்தினேன்.

மனசு உருகிற்று என்று பொய் சொல்லமாட்டேன்.
மறுநாள் கோயிலில்
திருவிருந்துப் பாத்திரம் துடைக்கும் முறை எனக்கு.
அடியில் காய்ந்த ரசம், ஒரு பொட்டு.
புளி போட்டேன், சாம்பல் போட்டேன்.
போகவில்லை.
துணியை அப்படியே போட்டுவிட்டு
ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

நீல நீரில் என் துளியை விட்டார்கள்.
மூழ்கினால் தேறிய ரத்தமாம். மூழ்கிற்று.
பெயர் ஜெபசீலி. வயது நாற்பத்தாறு.
நோயாளிக்கு என்ன உறவு?
"வீட்டுக்காரம்மா" என்றேன்.
அந்த ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"உங்க ரத்தம் அந்தப் பிள்ளைக்கே போகாதும்மா,
கணக்குக்கு ஈடு, அவ்வளவுதான்.
யாருக்குன்னு எங்களுக்கே தெரியாது."
படுத்துக்கொண்டு ரப்பர் பந்தை அமுக்கினேன்.
யாருக்கு?
குடியாத்தத்துத் தீப்பெட்டிக்காரிக்கோ,
ஆம்பூரில் தோல் ஷாப்பில் கை கிழிந்தவனுக்கோ,
சாக்கடைத் தகராறில் மூன்று வருஷமாய் நான் பேசாத
எதிர்வீட்டு மாணிக்கவேலுக்கோ.
அவருக்கென்றால் வேண்டாம் என்று
ஒரு கணம் கையை மடக்கினேன்.
ஊசி குத்திற்று.

வெளியே மொயினுல் என் காலைத் தொடக் குனிந்தான்.
பதறிப் பின்வாங்கியதில்
கையிலிருந்த மாம்பழ ஜூஸ் அவன் சட்டையெல்லாம்.
இருவரும் மன்னிப்புக் கேட்டோம்,
அவரவர் பாஷையில்.

அன்றைக்கும் நானூறு வாங்கினேன்.
குடத்தைத்தான் எண்ணவில்லை.
மறந்துவிட்டேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரிய வெள்ளி. மத்தியானம்.
பாலாறு வரைக்கும் வெயில் வெள்ளையாய்க் கிடந்தது.
ஜெபக் குறிப்பு எழுதும் மேசையில்
உபதேசியார் ஞானாபரணம்.
"துலி, வயசு ஏழு, ஆபரேஷன்" என்றேன்.
"அப்பா பேரு?"
"மொயினுல்."
பேனா நின்றது.
"எந்தச் சபைம்மா?"
எனக்குப் பின்னால் வரிசை நின்றது.
யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள்.
"மாடி போர்ஷன்" என்றேன்.

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.
பிறகு எழுதினார்.
சிலுவை மொழிகள் முடிந்து
மன்றாட்டு வந்தபோது
எழுதியதை எழுதியபடியே
மைக்கில் வாசித்தார்.