எட்டு மில்லிமீட்டர் இருட்டு

இரவு ஒன்பதே கால். கோத்தகிரி.
மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து
ஒரு வண்டி போக மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தவமணி, நாற்பத்தாறு, தோட்ட வேலை.
தலைவலி என்று வந்தவளின்
வலது கண்மணி
டார்ச் அடித்தும் அசையவில்லை.
இடது, சொன்ன பேச்சு கேட்கிறது.
வலது, கதவைத் திறந்துபோட்டுவிட்டு
வீட்டுக்காரர்கள் எங்கோ போய்விட்டதைப் போல.

எட்டு மில்லிமீட்டர்.
ஹில்டா சிஸ்டர் அளவுகோலைக் கீழே வைத்து
என் முகத்தைப் பார்த்தார்.
இதைப் படித்த யாருக்கும் இந்த இடத்தில்
ஒரே வாக்கியம்தான் ஓடும்:
மூளைக்கடியில் ஒரு ரத்தக்குழாய்
பலூனாய் ஊதி நரம்பை நெரிக்கிறது,
எந்த நிமிடமும்.

இங்கே ஸ்கேன் இல்லை.
ஊட்டிக்கு ஒரு மணி நேரம், பனிமூட்டம் விட்டால்.
கோவைக்கு, சரிவைத் தாண்டினால், இரண்டரை.
போஜன் ஆம்புலன்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டார்.
வைப்பர் ஓடுகிற சத்தம் உள்ளே வரை.

ஆனால் இமை தொங்கவில்லை.
என் விரலின் பின்னால்
மேலே, கீழே, மூக்கருகே
இரண்டு கண்ணும் ஜோடி பிரியாமல் வருகின்றன.
அந்த நரம்பு நசுங்கியிருந்தால்
வாசல் மட்டுமா திறந்துகிடக்கும்?
கூரையும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டாமா?

வேண்டாமா என்பது பதில் அல்ல.

போன தை மாதம் ஒருவர்
நெஞ்சைத் தடவியபடி இதே கட்டிலில் உட்கார்ந்தார்.
ரெண்டு போண்டா தின்னேன் என்றார்.
வாயு என்று எழுதியது என் கை.
அரவேனு தாண்டுவதற்குள்
பேருந்தை நிறுத்த வேண்டிவந்தது.
அன்றிலிருந்து
கச்சிதமாய்ப் பொருந்துகிற விடை கிடைத்தால்
முதலில் அதைத்தான் சந்தேகிக்கிறேன்.

தவமணியிடம் வியாதியைக் கேட்பதை விட்டேன்.
"இன்னைக்கு என்ன வேலை பாத்தீங்க?"
"பங்களாவுக்கு கெஸ்ட் வராங்கன்னு
வேலிய வெட்டச் சொன்னாங்க."
"என்ன வேலி?"
"அதான் டாக்டர், தலகீழா வெள்ளையா தொங்குமே,
பொழுது சாஞ்சா வாசம் தூக்குமே."
"கையுறை?"
சிரித்தாள்.
மழைத்தண்ணியை எப்படித் துடைத்தாள் என்று
கேட்காமலே செய்து காட்டினாள்:
புறங்கை,
வலது கண்.

ஊமத்தை. மரமாய் வளரும் ஜாதி.
நான் தினமும் ஸ்கூட்டரில் கடக்கிற வேலி.

கண் முகாமில் மிஞ்சிய பைலோகார்பைன்
பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.
காலாவதிக்கு இன்னும் பதினேழு நாள்.
இரு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு.
நரம்பு பழுதென்றால் வலது சுருங்கும்.
பூவின் சாறு பூட்டியிருந்தால் சுருங்காது.
கொடுத்த மருந்து தோற்க வேண்டும் என்று
வேறெந்த இரவும் வேண்டிக்கொண்டதில்லை.

முப்பது நிமிடம்.
இடது குண்டூசித் தலையாகிவிட்டது.
வலது எட்டு.
நாற்பது. எட்டு.
ஐம்பது. எட்டேதான்.

ஹில்டா சிஸ்டர் அப்பாடா என்றார்.
நான் சொல்லவில்லை.
தலைவலி?
விரிந்த கண்ணில் ட்யூப்லைட் கொட்டுவதால் இருக்கலாம்.
மதியம் சாப்பிடாததால் இருக்கலாம்.
இருக்கலாம் என்ற சொல்லுக்கு
ஏழாம் கட்டிலை ஒதுக்கி
மணிக்கொரு தரம் டார்ச் என்று எழுதினேன்.
போஜனிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னேன்,
வண்டியின் முகம் கேட்டைப் பார்த்தே இருக்கட்டும் என்றும்.

இரண்டு மணிக்குத் தவமணி கேட்டாள்:
"கண்ணு போயிடுமா?"
"ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்."
கொஞ்சம் யோசித்தாள்.
"பாதி வேலிக்கு முழுக் கூலி தரமாட்டாங்களே."
அதற்கு என்னிடம் சொட்டு மருந்து இல்லை.

அவள் போர்த்தி வந்த கோணிச் சாக்கில்
ஒரு பூ நசுங்கி ஒட்டியிருந்தது.
எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி
கேஸ் ஷீட்டை முடித்தேன்.
மூன்று மணி டார்ச்சுக்கு இன்னும் நேரம் இருந்தது.
தூக்கம் சொருகியது.
கண்ணைக் கசக்க வந்த கை
பாதி வழியில்
நின்றது.