முப்பத்தோராம் பந்தி

களுவாஞ்சிகுடி பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போட்டோப்பிரதிக் கடைக்கு மேலே என் அறை.
பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், காணி உறுதி
மூன்று மொழியிலும் செய்து கொடுப்பேன்.
பக்கத்துக்கு எழுநூறு ரூபாய், முத்திரை சேர்த்து.

கோமளேஸ்வரி கொண்டுவந்தது பத்தொன்பது பக்கம்.
தம்பி பேரின்பத்தின் அகதிக் கோரிக்கையை
ரொறன்ரோவில் தள்ளுபடி செய்த தீர்மானம்.
ஈரம் படாமல் உரப்பையில் சுற்றியிருந்தாள்.
"எல்லாம் வேணாம் ஐயா,
ஏன் நம்பல்ல எண்டதை மட்டும் வாசியுங்க."

அது முப்பத்தோராம் பந்தியில் இருந்தது.
வாவியைப் பயணிகள் மிதவையில் கடந்ததாக
விண்ணப்பப் படிவத்தில் எழுதியவர்
விசாரணையில் வீதியால் வந்ததாகச் சொல்கிறார்.
விளக்கம் கேட்டபோது தடுமாறினார்.
ஆகவே நம்பத்தகுந்தவர் அல்லர்.

"பொய்யன் எண்டா எழுதியிருக்கு?"
இல்லை, நம்ப முடியவில்லை என்று மட்டும்.
"ரெண்டுக்கும் நடுவில எவ்வளவு தூரம்?"
நான் பக்கத்தைப் புரட்டினேன்.

மறுகாதான் விளங்கிற்று.
அவன் சொல்லியிருப்பான்: பாதையால வந்தன்.
மொழிபெயர்த்தவர் யாரோ, வேறு கரைக்காரர்.
அவருடைய பாதையில் கல் இருக்கும், தார் இருக்கும்.
எங்கள் பாதை மிதக்கும்.
இரண்டு மோட்டார்சைக்கிளும் ஒரு பசுக்கன்றும்
குடை பிடித்த ரீச்சரும் ஏறினபின்
அம்பிளாந்துறையில் கயிறவிழ்த்து
குருக்கள்மடத்தில் போய் முட்டும்.
தண்ணீரில் வந்தாயா தரையில் வந்தாயா என்று
இன்னொரு தரம் கேட்டிருப்பார்கள்.
பாதையால என்றுதான்
இன்னொரு தரமும் சொல்லியிருப்பான்.

அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை.
சின்னம்மாவை இளைய தாய் என்றெழுதி
ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் ஆக்கி
விசாவைக் கெடுத்தவன் நான்.

சட்டத்தரணியின் கடிதமும் பைக்குள் கிடந்தது.
உங்கள் தம்பி சொன்னது மெய்யா என்று
சமஷ்டி நீதிமன்றம் பார்க்காது.
அவரை நம்பாமல் விட்டது நியாயமா என்றே பார்க்கும்.
புதிய கதை ஒன்றும் சேர்க்க இயலாது.
மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்திருந்தால்
அதை மட்டும் சத்தியக்கடதாசியில் தரலாம்.
வியாழனுக்குள்.

தட்டச்சில் தாளைச் செருகினேன்.
இருபத்தாறு வருடத்தில் இதில் அடித்திராத வசனம்:
மட்டக்களப்பில் பாதை எனப்படுவது
ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு
வாவியைக் கடக்கும் மிதவையாகும்.

"ஐயா" என்றாள். கதவைப் பார்த்தாள்.
"அண்டைக்கு ராவு பாதை ஓடல்ல.
ஆறு மணிக்கே ஆமி நிப்பாட்டிப்போட்டான்.
ஒராள் தோணியில வலிச்சு விட்டவர்.
அவர் இன்னமும் இஞ்சதான் இருக்கார்,
மகளுக்கு ஆவணியில கலியாணம்.
அதான் தம்பி பாதை எண்டவன்.
தோணி எண்டா, ஆர்ர தோணி எண்டு கேப்பாங்களாம்."

விரல் எழுத்தின் மேல் நின்றது.
பத்தொன்பது பக்கத்துக்குள் ஒரு பொய் இருந்தது.
அதை அவர்கள் தொடவேயில்லை.
பிடித்ததோ, பொய்யே இல்லாத ஓர் இடத்தை.

அடித்ததைத் திரும்ப வாசித்தேன்.
பாதை மிதக்கும், அவ்வளவுதான்.
அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
திகதி போட்டேன்.
காய்ந்திருந்த முத்திரையை வாயால் ஊதிக் குத்தினேன்,
கொஞ்சம் சரிந்து விழுந்தது.

கடைசிப் பாதை ஐந்தரைக்கு.
பிந்தினால் கிறுகிப் பட்டிருப்புப் பாலத்தால் போகவேண்டும்.
காசை எண்ணி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.
தோணிக்காரரின் பேரை நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.