அடகு

ஏதென்ஸ் இறைச்சிச் சந்தையில்
மூன்றாம் வரிசை, மீன் நாற்றம் தொடங்கும் முனையில் என் கடை.
ஆட்டின் தோள்மூட்டுக்குள் கத்தி நுழையும் வழி
கண்ணை மூடினாலும் தெரியும் எனக்கு.
எலும்போடு மல்லுக்கு நிற்கக் கூடாது,
இடுக்கைத் தேட வேண்டும்.
"இதைக் கூண்டில் ஏறிச் சொல்லிவிடாதீர்கள், ஸ்மாரோ அம்மா"
என்றார் வக்கீல்.

மெல்போவுக்கு அது நடந்த வாரம்
அவன் வீட்டு வாசல்வரை
இரண்டு முறை போய்த் திரும்பினேன்.
செய்தித்தாளில் சுற்றிய கத்தி
பையில், ரொட்டிக்குக் கீழே.
மூன்றாம் முறை போகும் வழியில்
என்னிடம் மாதாமாதம் ஆட்டிதயம் வாங்கும் வங்கேலியோ
பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்,
முழங்கையைப் பிடித்து
நாலாம் மாடிக்கு ஏற்றிவிட்டாள்.

துணி காயும் பால்கனியின் கதவைச் சாத்திவிட்டு
புத்தக அலமாரியின் மேல்தட்டில்
வைத்திருந்தார்கள் அவனை.
அரேஸ்.
வெண்கலம் இல்லை, வெறும் பிளாஸ்டர்.
தலைக்கவசக் குஞ்சம் உடைந்து
பசை போட்டு ஒட்டியது.
முன்னே பார்லி, உப்பு, ஒரு மெழுகுவத்தி,
மின்கட்டண ரசீது
(அது பூசையில் சேர்த்தி இல்லை).

பெற்ற தகப்பனே வெறுத்த பிள்ளை.
அதீனாவுக்கு மலைமேல் கோயில், ஊருக்கே அவள் பெயர்.
இவனுக்கு எதிரே ஒரு மொட்டைப் பாறை,
சாயங்காலம் பீர் குடித்துப் படம் பிடிப்பவர்கள்
வழுக்கி விழுகிற பாறை.
கீழ்வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள்,
மேலே சாத்தான் பூசை நடக்கிறதென்று.

அவனுக்கும் ஒரு மகள் இருந்தாளாம்.
அல்கிப்பே.
ஊற்றங்கரையில் அவளை இழுத்தவனை
கடலரசன் மகன் என்றும் பாராமல்
அந்த இடத்திலேயே கொன்றானாம்.
அந்தப் பாறைமேல் கூடி
தேவர்கள் விசாரித்தார்கள்.
விடுதலை.

"பிறகென்ன?" என்றேன்.
"பிறகு என்னை ஏன் இங்கே உட்கார வைத்தீர்கள்?"

யாரும் பதில் சொல்லவில்லை.
எழுபத்துநாலில் சைப்ரஸில் இறங்கிய மில்தியாதிஸ்
மதுவை வார்க்க எழுந்தார்.
கை நடுங்கி
பாதி கிண்ணத்தில், பாதி மேசை விரிப்பில்.
"சிந்தினதும் அவனுக்குத்தான்" என்றார்.
ஐம்பது வருஷமாகச் சிந்துகிறாராம்.

செய்தித்தாளைப் பிரித்தேன்.
கத்தியை அவன் காலடியில் வைத்தேன்.
காணிக்கை அல்ல,
அடகு.

அவனைப் பிடித்து இரண்டு ராட்சதர்கள்
வெண்கலச் சாடிக்குள் அடைத்தார்களாம்,
பதின்மூன்று மாதம்.
எனக்கும் கணக்கு அதுதான்.
பழைய ராணுவப் பள்ளி வளாகத்தில் நீதிமன்றம்.
வாய்தா.
வக்கீல்கள் வேலைநிறுத்தம், வாய்தா.
சாட்சிக்குக் காய்ச்சல், வாய்தா.
அவன் கொன்றான், ஒரே நாளில் வீடு போனான்.
நான் கொல்லவில்லை,
எண்ணெய் வழியும் பெஞ்சில்
மெல்போவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.
நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு
இன்றும் அவன் பாறையின் பெயர்தான்.
வாசலில் ஒரு சொட்டு மது வார்ப்பார் இல்லை.

மற்றவர்கள் அவனிடம் வெற்றி கேட்பார்களோ என்னவோ.
செவ்வாய்தோறும் நான் கேட்டது ஒன்றே:
என் கை என் பேச்சைக் கேட்கட்டும்,
இன்று மட்டும்.
மறுநாள் கடையில் இரவல் கத்தியோடு
மழுங்க மழுங்க வெட்டினேன்.

நேற்று தீர்ப்பு. எட்டு வருஷம்.

தெகேயாவில் முன்னொரு காலம்
போரில் வென்ற பெண்கள் அவனுக்குப் பலியிட்டு
ஆண்களுக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லையாம்.
ஆகவே நேற்றிரவு நாலாம் மாடியில்
பெண்களுக்கு மட்டும் விலாக்கறி,
மில்தியாதிஸுக்கு ஆலிவும் ரொட்டியும்.
நியாயம்தான் என்று
பால்கனியில் நின்று தின்றார்.
ஒரு வருஷமாக முள்கரண்டியால் தட்டைக் கீறிக்கொண்டே இருந்தவள்
கொழுப்புள்ள துண்டாக
இன்னொன்று கேட்டாள்.
நான் அவளைப் பார்க்காததுபோல் பரிமாறினேன்.

பாத்திரம் கழுவும்போது வங்கேலியோ கேட்டாள்:
"கத்தியை எடுத்துப் போகிறாயா?"

எட்டிப் பார்த்தேன்.
அலகில் தூசி, ஒரு பார்லி மணி.

"மேல்முறையீடு இருக்கிறதே" என்றேன்.
"அதுவரை அவனிடமே இருக்கட்டும்."