ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்

பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த ஹோட்டல்.
மேசையை மட்டும் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறார்கள்.
இரண்டு கதிரை, ஒலிப்பதிவுக் கருவி,
என் கையில் நான் மீறக்கூடாத தாள்.

"நல்லது" என்று சொல்லக்கூடாது.
தலையாட்டலாம், அளவாக.
உண்மைக்குப் புள்ளி இல்லை, பொய்க்குக் குறைப்பும் இல்லை.
காலையிலிருந்து ஏழு பேர் எல்லவுக்குப் போய் வந்துவிட்டார்கள்,
ஏழு பேருக்கும் ஒரே மலை வளைவில் மூச்சு நின்றிருக்கிறது.
வெள்ளவத்தையில் ஒரே ரியூட்டரி.

எட்டாவது ஆள் ரிஸ்மி ஜுனைதீன், கொம்பனித்தெரு.
லிப்ட் திருத்துகிறவர்.
அட்டையைக் கொடுத்தேன்:
நீங்கள் திருத்திய ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்.
யோசிக்க ஒரு நிமிடம். பேச இரண்டு.
பென்சிலை எடுத்தவர் எழுதவில்லை,
ஒரு பெட்டி கீறினார், அதற்குள் ஒரு புள்ளி.

"லிப்ட் இஸ் ஸ்டொப். சிக்ஸ் அண்ட் செவன், மிடில்.
நோ கரண்ட். இன்சைட் வன் லேடி. ஷீ இஸ் க்ரையிங்.
ஐ புட் மை மௌத் இன் த கேப்.
ஐ டெல், மிஸ், ஐ ஆம் ஹியர்."

போன கிழமையா, பத்து வருஷத்துக்கு முன்பா, தெரியாது.
அவருடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் இல்லை.
அதனால் அவள் இன்னும் அழுகிறாள்.
இலக்கணத்துக்கு ஐந்து என்று மனம் போட்டுவிட்டது.

பிறகு நிறுத்தினார்.

தயக்கம் இரண்டு வகை, பயிற்சியில் சொன்னார்கள்:
சொல்லைத் தேடுவது, விஷயத்தைத் தேடுவது.
முதலாவதற்குப் புள்ளி குறையும்,
மற்றதை விட்டுவிடலாம்.
எது எதுவென்று முகத்தில் தெரியும்.
முகம் பதிவாகாது.

அந்த நேரம் பார்த்து மருதானைக்குப் போகிற ரெயில்
யன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டு போனது.
அது முழுக்கப் பதிவாகியிருக்கும்.
எங்கோ இன்னொரு நாட்டில் மறுபடி கேட்டுப் புள்ளி போடுகிறவர்
பெட்டிகளை எண்ணலாம்.
இவருடைய விரல்கள் மேசை விளிம்பில்
எதையோ நெம்பித் திறந்ததை அவர் எண்ண முடியாது.

"ஷீ புட் த ஃபிங்கர் அவுட். ஐ ஹோல்ட். தென் ஷீ டெல் மீ..."

இரண்டு நிமிடம்.
நன்றி, என்றேன். தாளில் அப்படித்தான் இருக்கிறது.
வாய் மூடாமல் என்னைப் பார்த்தார்.
அவள் என்ன சொன்னாள் என்று கேட்க
தாளில் இடமில்லை. இருந்த கேள்வி:
உங்கள் நாட்டில் மக்கள் பழுதான பொருட்களைத்
திருத்துகிறார்களா, எறிந்துவிடுகிறார்களா?

"இட் டிபெண்ட்ஸ்," என்றார்.
அன்றைக்கு அவர் பிழையில்லாமல் சொன்ன ஒரே வசனம்.

போய்விட்டார்.
சரளம்: ஆறா, ஏழா?
இந்தக் கட்டத்தில் அரைப் புள்ளி கிடையாது.
பேனாவை நடுவில் பிடித்துக்கொண்டு இருந்தேன்,
கதவைத் தட்டும்வரை.

ஒன்பதாவது பரீட்சார்த்தி சிரித்தபடி உட்கார்ந்தாள்.
அவளும் எல்லவுக்குப் போனவள்தான்.
தலையாட்டினேன், அளவாக.
கரண்ட் இன்னும் வரவில்லை.